விதவையாக்கியது யுத்தமா? தபாலா?

(வேலூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் நடந்த மறுமண விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நடந்தேறிய திருமணத்தைப்பற்றி எனக்கு முன் பேசிய தோழர்கள் வேண்டிய அளவுக்குப் பேசிவிட்டார்கள். மணமக்களைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. இருவரும் வயது வந்தவர்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். இதில் புகழ என்ன இருக்கிறது? பசித்தவன் சாப்பிட்டால் அவனுக்கு மாலை போடுகிறோமா? ஆனால் பந்தலுக்கு வெளியே இரண்டு பெரியவர்கள், "தாலி அறுத்தவளை மணையில் உட்கார வைக்கலாமா? ஊருக்கு ஆகுமா?" என்று பேசிக்கொண்டிருந்ததைக் காதாலே கேட்டேன். அவர்கள் இன்னும் போகவில்லை. தென்னை மரத்தடியில்தான் நிற்கிறார்கள். (சிரிப்பு) ஆகவே அவர்களுக்குப் பதிலாக எங்கள் குடும்பத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். புராணத்திலிருந்து எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் ஆயாவைப் பெற்ற தாயார், அதாவது என் கொள்ளுப்பாட்டி, 1900-ம் வருஷ வாக்கில் பிறந்தவர். 14-வது வயதில் கல்யாணம். புருஷன் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து 1915-ல் மெசபொடோமியாவுக்குப் போனார். இப்போது ஈராக் என்று சொல்லுகிறோமே, அந்த தேசம். எதற்காகப் போனார்? ராஜபக்தியா? ஜெர்மானியன் பேரில் கோபமா? ஜெர்மனி எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். மழையை நம்பிக் கிடக்கிற இந்தப் பூமியில் 11 ரூபாயை ஒரே கையில் கண்டவர் யார்? அதற்காகத்தான் போனார்.

அந்த 1914-18 யுத்தத்திற்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் மெசபொடோமியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். மொத்தத்தில் செத்தவர்கள் சுமார் 74 ஆயிரம். மெசபொடோமியாவில் துப்பாக்கிக் குண்டைவிட வியாதிக்குத்தான் அதிகம் பயப்படவேண்டியிருந்தது. வெயில், கெட்ட தண்ணீர், வாந்திபேதி. மருந்தில்லை, காயம்பட்டவனை ஏற்றிவரப் படகில்லை. அந்த அலங்கோலத்தை விசாரிக்க வெள்ளைக்காரன் தானே ஒரு கமிஷன் போட்டு, 1917-ல் அது வெளியிட்ட ரிப்போர்ட்டினால் சீமையில் மந்திரியே ராஜினாமா செய்யவேண்டி வந்தது. அந்த வாந்திபேதியில்தான் 1916 ஆனி மாதத்தில் எங்கள் கொள்ளுப்பாட்டியின் புருஷனும் போனார்.

தோழர்களே! இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அவர் செத்தது ஆனியில். செத்த செய்தி ஊருக்கு வந்தது ஐப்பசியில். நடுவில் நாலு மாதம். அந்த நாலு மாதமும் என் கொள்ளுப்பாட்டி என்னவாக இருந்தார்? சாஸ்திரப்படி விதவை. ஊர்ப்படி சுமங்கலி. பூ வைத்துக்கொண்டார், மஞ்சள் பூசிக்கொண்டார், ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார். ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம். பந்தக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது யார்? இவர். மணப்பெண்ணுக்கு நலுங்கு வைத்தது யார்? இவர். ஆரத்தி எடுத்தது யார்? அதுவும் இவர்தான். வைதீகர்கள் சொல்லுகிறபடி பார்த்தால் அந்தக் கல்யாணம் என்ன ஆகியிருக்கவேண்டும்? பந்தல் பற்றியிருக்கவேண்டும், மணப்பெண் தாலி அறுத்திருக்கவேண்டும். என்ன ஆயிற்று தெரியுமா? அந்தக் கொழுந்தன் 80 வயது வரையில் பெண்டாட்டியோடு வாழ்ந்து, எட்டுப் பிள்ளை பெற்று, பேரன் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் செத்தான். (சிரிப்பு, கைதட்டல்)

ஐப்பசியில் தபால் வந்தது. ஊரில் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அந்தப் பெண் முகம் அபசகுனமாகிவிட்டது. காலையில் அதே முகத்தில் விழித்துவிட்டு ஏருக்குப் போனவன், மறுநாள் காலையில் அதே முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். பத்தாம் நாள் வளையலை உடைத்தார்கள், தாலியை அறுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 16. நான் கேட்கிறேன்: அவரை விதவையாக்கியது யுத்தமா? தபாலா? தபால்காரன் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தால் அந்தப் பத்து நாளும் அவர் சுமங்கலிதானே? கப்பலோடு தபாலும் முழுகிப்போயிருந்தால் ஆயுள் முழுவதும் சுமங்கலிதானே? ஒரு காகிதத்தைப் படிப்பதினால் வருவதும் படிக்காவிட்டால் வராததுமான ஒரு தோஷம், பகவான் விதித்ததாக இருக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

ஜோசியன் சும்மா இருப்பானா? ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்து, "செவ்வாய் தோஷம், புருஷனை முழுங்கிவிட்டாள்" என்றான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்துப் பணம் வாங்கியவனும் அதே ஜோசியன்தான். அப்போது அந்தச் செவ்வாய் எங்கே போயிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 74 ஆயிரம் பேர் செத்தார்களே, அத்தனை பேருக்கும் செவ்வாய் தோஷக்காரிகளாகப் பார்த்தா கட்டிவைத்திருந்தார்கள்? பிரெஞ்சு தேசத்தில் மட்டும் அந்த யுத்தத்தில் சுமார் 6 லட்சம் பெண்கள் புருஷனை இழந்தார்கள். அங்கே எந்த ஜோசியன் ஜாதகம் எழுதினான்?

நிற்க. எங்கள் ஜாதியில் அறுத்துக்கட்டுவது புது வழக்கம் அல்ல. என் கொள்ளுப்பாட்டியின் பாட்டியே இரண்டாம் புருஷன் கட்டி வாழ்ந்தவர்தானாம். அப்படியிருக்க இவரை மட்டும் ஏன் மூலையில் உட்கார வைத்தார்கள்? பென்ஷன் வந்தது தோழர்களே, பென்ஷன்! செத்த சிப்பாயின் பெண்ஜாதிக்குச் சர்க்கார் கொடுத்த பென்ஷன், அவள் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். பென்ஷன் அவர் பேரில்; அதை வாங்கி மடியில் முடிவது மூத்தார். அந்தப் பணத்தில் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. ஓட்டு வீட்டுக்குப் புரோகிதன் வந்தான். புரோகிதன் வந்த பிறகு, "நம்ம குடும்பத்தில் அறுத்துக்கட்டுவது கௌரவமில்லை" என்ற ஞானமும் வந்தது. பார்ப்பானிடத்திலிருந்து படிப்பையும் உத்தியோகத்தையும் காப்பியடிக்க நமக்குச் சாமர்த்தியம் இல்லை. பெண்ணை மூலையில் உட்காரவைக்கும் அக்கிரமத்தை மட்டும் பிழையில்லாமல் காப்பியடித்தோம். இதில் பார்ப்பானை மட்டும் வைது பிரயோஜனமில்லை. 1921-ம் வருஷத்து ஜனக் கணக்கில் 15 வயதுக்குட்பட்ட இந்து விதவைகள் மட்டும் 3 லட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம். அதில் 5 வயதுகூட ஆகாத குழந்தைகள் 11 ஆயிரத்துக்கு மேல். இத்தனை பேரும் பார்ப்பன வீட்டுப் பெண்களா?

இப்படிப் பதினைந்து வருஷம் கழிந்தது. வெள்ளைக்கார சர்க்கார் ஒரு காரியம் செய்தது: செத்தவன் பேர் பொறித்த ஒரு வெண்கலத் தட்டு அனுப்பிற்று. சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் செத்தான் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். யாருடைய சுதந்திரம் என்று மட்டும் எழுதவில்லை. மாமியார் அதை மோர்ச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாராம். அவ்வளவு பிரயோஜனமாவது பட்டது. 1929 மார்ச்சில் பாஸ்ரா பட்டணத்தில், சமாதி தெரியாமற்போன 40 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களுக்காக ஒரு பெரிய ஞாபகச் சின்னம் திறந்தார்கள். அதில் வெள்ளைக்காரனுக்குப் பேர் உண்டு. இந்திய ஆபீசர்களுக்குப் பேர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பேர் கிடையாது, பட்டாளத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். இந்த ஓரவஞ்சனைக்காக யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021-ல்தான் மன்னிப்புக் கேட்டது. செத்தவனையே எண்ணிக்கையாகப் பார்த்தவர்கள் அவன் பெண்ஜாதியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதே 1929-ல், ஒரு மாதம் முன்னதாகப் பிப்ரவரியில், செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடியது. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளவேண்டும், பெண்களுக்கு ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. வெறும் தீர்மானம் அல்ல. பெரியார் அதற்கு இருபது வருஷம் முன்னமே, 1909-ல், குழந்தை விதவையாகிவிட்ட தம் தங்கை மகளுக்கு உறவினர் எதிர்ப்பையும் மீறி மறுமணம் செய்துவைத்தவர். ஆம்பூரில் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்த ஒருவர் 'குடி அரசு' பத்திரிகையை வாரந்தோறும் வாங்கி, எழுத்துத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அவர் பெண்ஜாதியை இழந்தவர். எங்கள் கொள்ளுப்பாட்டியின் தம்பியும் அதைக் கேட்கப் போவான். அவன்தான் வீட்டுக்கு வந்து, "அக்கா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டான். பதினைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். 1931-ல் புரோகிதன் இல்லாமல், ஓமப்புகை இல்லாமல், இரண்டு மாலையோடு கல்யாணம் முடிந்தது. மறு வருஷம் என் ஆயா பிறந்தார். சாஸ்திரம் ஜெயித்திருந்தால், இந்த மேடையில் பேசுகிறவன் பிறந்தே இருக்கமாட்டான். (கைதட்டல்)

இதற்குப் பிறகுதான் பெரிய வேடிக்கை. முதல் புருஷனின் பாகம் பிரிந்த ஒன்றரை ஏக்கர் புன்செய் இவர் பேரில் இருந்தது. 1856-ம் வருஷத்து மறுமணச் சட்டம் இருக்கிறதே, நம்மவர்கள் பெருமையாகச் சொல்லுவார்களே, அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவு என்ன சொல்லுகிறது? விதவை மறுமணம் செய்துகொண்டால், அப்போதே அவள் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு புருஷன் சொத்தை அடுத்த வாரிசுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்கிறது. ஜாதி வழக்கப்படி மறுமணம் செய்தவளுக்கும் இதே கதிதான் என்று சென்னை ஹைகோர்ட்டும் 1877-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. உடனே மூத்தாரும் கொழுந்தனும், "அவளுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பென்ஷன் ஆபீசும், "கல்யாணம் ஆகிவிட்டதே" என்று நிறுத்திவிட்டது. சரி, கல்யாணம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே மூத்தார் ஊர்க்கூட்டத்தில் என்ன சொன்னார்? "ஐயர் இல்லை, அக்கினி இல்லை, இது ஒரு கல்யாணமா? வைப்பு!" என்றார். 1953-ல் சென்னை ஹைகோர்ட்டும் சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி கல்யாணம் ஆகாது என்றே சொல்லிவிட்டது. பார்த்தீர்களா நியாயத்தை! நிலத்தைப் பிடுங்குவதற்குக் கல்யாணம். பிள்ளைக்கு வாரிசுப் பட்டம் கொடுப்பதற்குக் கல்யாணம் அல்ல. 1967-ல் அண்ணா மந்திரிசபை சட்டம் செய்து, முன்னே நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்றது. அன்றைக்கு என் ஆயாவுக்கு வயது 35. மூன்று பிள்ளை பெற்ற பிறகு, தான் முறைப்படி பிறந்தவள் என்று சர்க்கார் ஒத்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கொள்ளுப்பாட்டி 1974-ல் காலமானார். நிலம் திரும்பி வரவில்லை. கொழுந்தன் பேரன்மார் இன்னமும் அதில் கேழ்வரகு பயிர் செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை.

இந்தச் சங்கதியை நான் சொன்னதற்கு மணமகள் சம்பந்தமான காரணம் ஒன்றும் உண்டு. விபத்தில் இறந்த முதல் கணவருடைய வீட்டில் இவருக்குப் பாகம் இருக்கிறது. "மறுகல்யாணம் செய்துகொண்டாள், இனிப் பாகம் கிடையாது" என்று அந்த வீட்டார் சொல்லியனுப்பியதாக இன்று காலையில் கேள்விப்பட்டேன். அது பழைய காலத்துச் சட்டம். 1856-ம் வருஷத்துச் சட்டத்தை 1983-லேயே ரத்து செய்தாகிவிட்டது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி கணவன் இறந்தபோது மனைவிக்கு வந்த பாகம் அவளுக்கே முழு உரிமையான சொத்து; பின்னால் மறுமணம் செய்துகொண்டதனால் அது போகாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2008-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே மணமகள் யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டாம். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். வாரிசுச் சான்றும் வீட்டுவரி ரசீதும் இருந்தால் எடுத்து வரட்டும். நமது வக்கீல் தோழர் இங்கேயே முன்வரிசையில் இருக்கிறார். சாப்பாடு ஆனதும் அவரும் நானும் உட்கார்ந்து நோட்டீசை எழுதி, நாளைத் தபாலிலேயே அனுப்பிவிடுகிறோம்.