மருந்து அடிப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வரட்சி தொடங்கிவிட்டது. இனி மலைகளில் சிவப்புச் சிலந்தியும் இலை சுருட்டும் புழுவும் தலைகாட்டும். பின்னாலேயே மருந்து அடிக்கும் வேலையும் வரும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

பாடசாலையில் 'அப்பாவின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "மருந்து அடிக்கிற நாளில் அப்பா என்னைத் தூக்கமாட்டார். குளித்துவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொள்வார்." அந்தக் கொப்பியில் எழுத்துப் பிழை திருத்தக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை.

பூச்சி வந்தால் மருந்து அடிக்காமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் மலைகளிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. இலையை இலையோடு ஒட்டி உள்ளேயிருந்து தின்னும் புழுவை நம் பாட்டன் பாட்டிமாரும் அறிவார்கள். அதன் தாய் அந்துப்பூச்சி, மீன் செதில் அடுக்கியதுபோல இலைமேல் முட்டையிடும். அந்த முட்டைகளை அந்தக் காலத்தில் கையாலேயே பொறுக்கினார்கள். 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். ஒரு முட்டையிலிருந்தே பல குஞ்சுகள் உண்டாகிப் புழுவை உள்ளிருந்து தின்றுவிடும். சில வருடங்களில் அந்தப் புழுவின் தொல்லை பெருமளவு அடங்கியது. அந்தக் குளவிக்கு யாரும் பேர் போடவில்லை. அது இன்றும் வேலை செய்கிறது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்க, 1950, 60களில் டீல்ட்ரின் என்ற கடும் நஞ்சை அடித்தார்கள். அது குளவியையும் கொன்றது. காவல் போனதும் அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது! தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் படித்துக்கொண்ட பாடம் இது.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2021இல் ஒரே நாளில் உரமும் மருந்தும் நிறுத்தப்பட்டபோது கொழுந்து குறைந்து, நம் சம்பளத்தில்தான் அடி விழுந்தது. தேவையான இடத்தில், தேவையான அளவில், ஆளுக்குப் பாதுகாப்போடு அடியுங்கள் என்பதே நம் கோரிக்கை.

பூச்சியை முதலில் காண்பது கொழுந்து எடுக்கும் பெண்களின் கண்தான். சுருண்ட இலையையோ முட்டையையோ கண்டால் கங்காணியிடம் அன்றைக்கே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கிள்ளி எடுத்தால் மலை முழுக்க அடிக்க வேண்டி வராது. லயத்துப் பின்னால் நிற்கும் பீச்சஸ் மரத்துக்கும் இதே முறைதான். புழு விழுந்து உதிர்ந்த பழங்களை அப்படியே விடாமல், பொறுக்கி ஆழமாகப் புதைத்தால் அடுத்த தலைமுறை ஈ குறையும்.

மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால் பிரட்டுக்களத்திலேயே நான்கு கேள்வி கேளுங்கள். என்ன மருந்து? போத்தலில் தமிழில் எழுதியிருப்பதை யார் வாசித்துக் காட்டுவது? கையுறை, முகமூடி, பூட்ஸ் எங்கே? அந்த மலையில் எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம்?

காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அடிக்கும்போது வெற்றிலை போடாதீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு துவைக்காதீர்கள். வெறும் மருந்துக் கேனைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் தேயிலையில் மிச்சமிருக்கும் மருந்தை அளந்து பார்க்கிறார்கள். அடித்தவரின் உடம்பில் தங்கியதை அளப்பவர் யார்?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த மலை, என்ன மருந்து, எந்தத் திகதி, அடித்தவர் யார், கொழுந்து எடுக்க இறங்கியது எப்போது, யாருக்கு என்ன சுகவீனம் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும். நாளை நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது நம் கையில் அந்தக் கொப்பி இருக்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.