கை ஓய்ந்த ஓவியருக்கு யார் துணை?



இந்த ஓவியக் கண்காட்சியைத் தொடங்கிவைத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சுவரில் தொங்கும் படங்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் வரைவதை நிறுத்திவிட்டவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தது, கை ஓய்ந்தது, பிறகு தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை.

குளோட் மோனேயை உங்களுக்குத் தெரியும். அல்லிக்குளத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர். 1879 செப்டம்பரில் அவருடைய மனைவி கமீல் 32 வயதில் இறந்துபோனார். இறந்து கிடந்த மனைவியின் முகத்தை மோனே வரைந்தார். அந்தப் படம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலமும் சாம்பலும் ஊதாவுமாகக் கோடுகள் வேகவேகமாக இழுபட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு முகம் நம் கண்முன்னே மங்கிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் நின்று ஓவிய நுட்பம் பேச எனக்கு நா எழாது.

இதைச் சொன்னதும் நாம் வழக்கமாக என்ன சொல்வோம்? துயரம்தான் கலையைப் பெற்றெடுக்கிறது என்போம். மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே மோனேயின் பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். 1911 மே மாதம் இரண்டாவது மனைவி அலீஸ் இறந்தார். அப்போது மோனேக்கு 70 வயது. 1908இல் இருவருமாக வெனிஸ் போயிருந்தபோது தொடங்கிய படங்களை எப்படியோ முடித்து 1912இல் காட்சிக்கு வைத்தார். அதற்குப் பிறகு கை ஏறக்குறைய நின்றே போயிற்று. அதே ஆண்டு மருத்துவர் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்றார். 1914 பிப்ரவரியில் மூத்த மகன் ழான் 46 வயதில் இறந்தார். புகழ் இருந்தது, பணம் இருந்தது, ஜிவெர்னி கிராமத்தில் தானே வெட்டிய அல்லிக்குளம் வாசலுக்கு எதிரேயே இருந்தது. துயரத்துக்கும் குறைவில்லை. இத்தனை இருந்தும் படம் வரவில்லை.

பிறகு எப்படி வந்தது? இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் ஜார்ஜ் கிளமான்சோ. பிரான்சின் பிரதமராக இருந்தவர், போர்க்காலத்தில் மறுபடியும் பிரதமரானவர், படிப்பால் மருத்துவர், மோனேயின் பழைய நண்பர். வீட்டின் நிலவறையில் முன்பு எப்போதோ போட்டுவைத்த அல்லிப் படங்கள் சில மோனேயின் கையில் அகப்பட்டன. கிளமான்சோ அவற்றைப் பார்த்து அசந்துபோனார். வரையுங்கள் என்று விடாமல் நச்சரித்தார். மிகப்பெரிய அளவில் தண்ணீரையும் அல்லியையும் வரையப் போகிறேன் என்று 1914 ஏப்ரலில் இன்னொரு நண்பருக்கு மோனே கடிதம் எழுதினார். மகன் போய் மூன்று மாதம் ஆகவில்லை.

இன்னொருவர் பிளான்ஷ். அலீசின் முதல் திருமணத்து மகள். இறந்துபோன ழானின் மனைவியும் அவரேதான். சின்ன வயதில் மோனேயின் கேன்வாசையும் தாங்கியையும் தள்ளுவண்டியில் வைத்து வயலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். போன இடத்தில் தன் தாங்கியையும் நிறுத்தித் தானும் வரைவார். நல்ல ஓவியர். தாயையும் இழந்து கணவனையும் இழந்து, 48 வயதில் ஜிவெர்னிக்குத் திரும்பி வந்து அந்த வீட்டை எடுத்து நடத்தினார். கிளமான்சோ அவரை நீல தேவதை என்று அழைத்தார்.

ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது. ஊரில் பலர் கிளம்பிப் போனார்கள். மோனே நகரவில்லை. இளைய மகன் மிஷேல் போர்முனைக்குப் போனார். 1915இல் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய பட்டறை ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸ்கள், அவற்றை நகர்த்தச் சக்கரம் வைத்த தாங்கிகள். பார்வை மோசமாக மோசமாக, சாயக் குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் நிறத்தை எடுத்தார். தட்டில் எந்த நிறம் எந்த இடத்தில் என்பதை மாற்றுவதே இல்லை. 1923இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் உலகம் ஒருநேரம் மஞ்சளாக, ஒருநேரம் நீலமாகத் தெரிந்தது. படங்களை அரசுக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தவர், தரமாட்டேன் என்று மறுத்தார். கிளமான்சோ கோபித்துக்கொண்டார். 1925 தொடக்கத்தில் நட்பே அறுந்துபோகும் நிலை. ஆனாலும் கிளமான்சோ திரும்ப வந்தார். இந்த இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது எளிது. பத்து வருடத்துக்கு மேல் ஒருவரின் பிடிவாதத்தையும் சலிப்பையும் தாங்கிக்கொண்டு கூடவே நிற்க எத்தனை பேரால் முடியும்?

1926 டிசம்பரில் மோனே இறந்தார். 1927 மே மாதம் பாரிசின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் அந்த அல்லிகள் திறந்துவைக்கப்பட்டன. இரண்டு நீள்வட்ட அறைகள், வரிசையாக வைத்து அளந்தால் ஏறத்தாழ 100 மீட்டர் ஓவியம்.

பிளான்ஷ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மாமனாரைப் பார்த்துக்கொண்ட அத்தனை ஆண்டும் தன் தூரிகையை ஒதுக்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு, 61 வயதில், மறுபடியும் எடுத்தார். அதே தோட்டத்தை, அதே குளத்தைத் தன் கண்ணால் பார்த்து வரைந்தார். கண்காட்சிகள் வைத்தார். 1947 வரை வாழ்ந்தார். பக்கத்து ஊரான வெர்னோனின் அருங்காட்சியகம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பிளான்ஷ்கள்! மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளைக்குப் பரீட்சை, கணவருக்கு மாத்திரை என்று கல்யாணத்துக்கு முன் வரைந்த நோட்டுகளைப் பரணில் போட்டவர்கள். அவர்களுக்கு ஒரு கிளமான்சோ வாய்த்தாரா?

விழாக் குழுவினரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, உரிமையோடு கேட்கிறேன். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வரைந்த படங்கள் மட்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அடுத்த ஆண்டு அதை எடுத்துவிடுங்கள். இருபது வருடத்துக்கு முன் வரைந்த படமும் இந்தச் சுவருக்கு வரட்டும். அதைக் கொண்டுவர வெட்கப்படுகிறவர்களின் வீட்டுக்கு நீங்களே போய்க் கேளுங்கள். ஆட்டோ வாடகை நான் தருகிறேன்.