இரக்கமும் முன்னேற்பாடும்



தீ எச்சரிக்கை மணி ஒலித்ததும் மின்தூக்கியைத் தவிர்த்துப் படிவழி இறங்குக என்பர். சக்கர நாற்காலியில் இருப்பவர் எவ்வாறு இறங்குவார்?

1993ஆம் ஆண்டு நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது, 69ஆம் மாடியில் பணிபுரிந்த, கைகால் செயலிழந்த ஊழியர் ஒருவரைச் சக ஊழியர்கள் பெரும்பாடுபட்டே கீழே கொணர்ந்தனர். அதன் பின்னர், படிகளில் சறுக்கி இறக்கும் தனி நாற்காலிகள் அங்கு வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11 அன்று, அத்தகைய நாற்காலியில் அவரைப் பத்துப் பேர் முறைவைத்து இறக்கினர். வெளியேறிய சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது.

அவரைக் காத்தது இரக்கம் மட்டுமன்று, முன்னேற்பாடும் ஆகும். எந்தப் படிக்கட்டு, துணை நிற்போர் யாவர் என்பதை நடக்க இயலாதோரிடமே கேட்டு, மணி ஒலிக்கும் முன்பே முடிவு செய்தல் அனைவரின் கடமையாகும்.