பணம் பிள்ளையோடு போகட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்று, குழுவில் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிறார்கள். பிள்ளை இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள். அந்தப் பிள்ளைக்கான பணத்தை யார் வாங்கணும்?

நம்ம பக்கம் இது புதுசு இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ லாரியிலோ போனவர் மாசக்கணக்கில் வெளியூரில் இருக்கிறார். அம்மா பள்ளிபாளையத்தில் தறிக்குப் போகிறார். பிள்ளை பள்ளி நாளில் அம்மாயி வீட்டில், லீவுக்கு அப்பத்தா வீட்டில். ரேஷன் அட்டையில் பெயர் ஓர் ஊரில், படிப்பு வேறோர் ஊரில். கடைசியில் பிள்ளைக்கு எந்தப் பணமும் வந்து சேருவதில்லை.

இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்க அரசே பெற்றோருக்குப் பணம் தருகிறது. அங்கேயும் ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் வாங்க முடியும். நம் நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பணம் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, ஜீவனாம்சம். முன்பு 125-வது பிரிவு என்போம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு. விவாகரத்து ஆகியிருக்கணும்னு இல்லை. முறைப்படி கல்யாணம் நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் உண்டு. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. 2001-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் சொல்லணும்.

ஊர்ப் பஞ்சாயத்தில், "இனிமேல் பிள்ளைச் செலவு கேட்க மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பயப்படாதீர்கள். பிள்ளையின் உரிமையை அம்மா எழுதிக் கொடுக்க முடியாது.

லீவுக்கு அப்பா வீட்டுக்குப் போய் வந்தால் உத்தரவு தானாக நின்றுவிடாது. பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால் தொகையை மாற்றச் சொல்லி அவர் மனுப் போடலாம். மாற்றுவது நீதிமன்றம்தான்.

இரண்டாவது, மிஷன் வத்சல்யா நிதி ஆதரவு. 2022 நெறிமுறைப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்கணும். கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மாவட்டக் குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பாஸ்புக் எல்லாம் தயாராக இருக்கட்டும். பிள்ளை இடம் மாறினால் அங்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ரேஷனும் பள்ளிக்கூடமும். ஒரு பிள்ளையின் பெயர் ஒரு அட்டையில்தான் இருக்க முடியும். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்கலாம். அவர் நீக்க மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கள விசாரணை கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும், டி.சி. வர நேரமாகிறது என்று அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. இது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

"அப்பா கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பினால் ஒன்றைச் சொல்லுங்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகப் போட்ட வழக்கில், அப்பா பொறுப்பில் இல்லாதபோது அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100.

இன்னொன்றையும் மனசு விட்டுப் பேசுவோம். பணம் நின்றுவிடுமே என்று பிள்ளையை அப்பாவைப் பார்க்க விடாமல் வைப்பது நியாயம் இல்லை. பணம் கொடுக்கிறேன் என்று பிள்ளையைப் பிடுங்கிப் போவதும் நியாயம் இல்லை. நம் கூட்டத்தில் பேரப்பிள்ளையை வளர்க்கும் அப்பத்தாக்களும் இருக்கிறார்கள். பிள்ளை அவர்களிடம் இருந்தால் செலவும் அவர்களுக்குத்தான். பணம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சொந்தம் இல்லை. பிள்ளை எங்கே சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போகிறதோ அங்கே போய்ச் சேரணும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். தாய் சம்மதித்தால் மட்டும் பெயர் எழுதுங்கள். பிள்ளை எந்தத் தேதியிலிருந்து எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மனுக் கொடுக்கப் போகும்போது துணைக்கு இரண்டு பேர் போங்கள். தனியாகப் போகிறவரைத்தான் நாளைக்கு வா என்பார்கள்.