ஒரே ஒரு பிரதி: பாட்டைப் பூட்டினால் மரியாதை வந்துவிடுமா?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் எங்கள் விடுதி அறையில் இரவு ஒரு மணி வரை சண்டை நடந்தது. ராப் இசை கேட்கிற இரண்டு நண்பர்கள். "உலகத்திலேயே துணிச்சலான ஆல்பம் அதுதான்டா" என்கிறான் ஒருவன். "அது ஆல்பமே இல்ல, பணக்காரனுக்கு வித்த நகைப்பெட்டி" என்கிறான் இன்னொருவன். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே அந்த ஆல்பத்தைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்களும் முழுதாகக் கேட்டிருக்க வழியில்லை. ஏனென்றால், அந்த ஆல்பத்துக்கு ஒரே ஒரு பிரதிதான்.

அமெரிக்காவின் வூ-டாங் க்ளான் என்ற கறுப்பின ராப் குழுவைப் பற்றிப் பேசுகிறேன். நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற பகுதியின் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள்தான் அந்தக் குழுவின் முதுகெலும்பு. 1993இல் முதல் ஆல்பம் வந்தது. பழைய சோல் இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்தார்கள், ஹாங்காங் குங்ஃபூ படங்களின் வசனங்களை எடுத்தார்கள், தங்கள் தெருவின் கதையை அதன்மேல் சொன்னார்கள். அடுத்தவர் உருவாக்கிய ஒலி காதில் விழுந்ததால் பிறந்த இசை அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2014இல் குழுவின் தலைவர் ரிஸாவும் தயாரிப்பாளர் சில்வாரிங்ஸும் ஓர் அறிவிப்பு செய்தார்கள். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஷாவோலின்' என்ற ஆல்பத்தை ஆண்டுக்கணக்கில் ரகசியமாகப் பதிவு செய்திருக்கிறோம். இரண்டு சிடி, 31 பாடல்கள். வேலைப்பாடு செய்த உலோகப் பெட்டியில் வைத்து ஒரே ஒருவருக்கு விற்போம் என்றார்கள். 2015 மார்ச்சில் நியூயார்க் அருங்காட்சியகக் கூடம் ஒன்றில், அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும் 13 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். வாங்குபவர் 88 ஆண்டுகளுக்கு, அதாவது 2103 வரை, அதை வணிகமாக வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். இலவசமாகக் கேட்க விடலாம். விடாமலும் இருக்கலாம். அவர் விருப்பம்.

20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? மார்ட்டின் ஷ்க்ரெலி. எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் தேவைப்படுகிற டாராப்ரிம் மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏற்றிய அதே ஆள். அந்தச் செய்தி வெளிவரும் முன்பே விற்பனை பேசி முடிந்துவிட்டது என்றார் ரிஸா; பணத்தில் கணிசமான பகுதியை அறப்பணிக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். இரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

இப்போது ரிஸாவின் வாதத்துக்கு வருவோம். அதை ஒதுக்கிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. ஓவியத்துக்குக் கோடிக்கணக்கில் விலை கொடுக்கிற உலகம், இசையை இலவசச் சரக்காக ஆக்கிவிட்டது. இசையும் ஓவியத்தைப் போல மதிக்கப்பட வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஐரோப்பிய ஓவியங்கள் தனியார் மாளிகைகளில் பூட்டிக் கிடக்கின்றன. அதற்காக யாரும் தெருவில் இறங்கியதில்லை. அரசுக் குடியிருப்பிலிருந்து வந்த கறுப்பர்கள் அந்த விலையைக் கேட்டதும் மட்டும் "கலை எல்லாருக்கும் பொதுவாச்சே" என்று உலகத்துக்கு ஞானம் வருகிறது.

இந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். என் சித்தப்பா பறை அடித்தவர். ஊர்ச் சாவுக்கு ஆள் வந்து கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். கூலி என்று பேச முடியாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அவர் மறுத்தார். "இனி உங்க வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன்" என்றார். உடனே ஊர்க்காரர்கள் கேட்டது என்ன? "கலையை இப்படி விட்டுடலாமா?" அதுவரை அது கலை என்று ஒருவரும் சொன்னதில்லை. எனவே, ஒடுக்கப்பட்டவன் தன் இசைக்கு விலை சொன்னால், அல்லது மாட்டேன் என்றால், நான் அவன் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் சித்தப்பாவின் மறுப்பும் அந்த உலோகப் பெட்டியும் ஒன்றா? இல்லை. சித்தப்பா தன்னை ஏவியவனுக்கு மறுத்தார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர் மறுக்கவில்லை. நாங்கள் அடி கற்றது அவரிடம்தான். அந்தப் பெட்டியோ ஏவியவனிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்டேட்டன் ஐலண்டில் இன்று ராப் எழுதிப் பழகுகிற பையனுக்கு அது இல்லை. மறுக்கப்பட்டவன் தெருக்காரன், சாவியை வாங்கியவன் மருந்து முதலாளி.

'இது கருத்துருக் கலை. எண்ணம்தான் படைப்பு, கேட்பது முக்கியமில்லை' என்று ஒரு பதில் வரும். 1917இல் மார்செல் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பியதை எடுத்துக்காட்டுவார்கள். நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் அது எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறது. அந்த அசல் கோப்பை எப்போதோ தொலைந்துவிட்டது. புகைப்படமும் பிரதிகளும் பரவியதால்தான் அந்தக் கேள்வி நம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஒரு பொருளின் மதிப்பை அதை அணுக முடியாதவர்களின் எண்ணிக்கையால் அளக்கும் முறை நமக்குப் புதிதல்ல. வேதத்தைக் கேட்கிற சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்கிறது கௌதம தர்மசூத்திரம். கேட்கக் கூடாதவன் ஒருவன் இருந்தால்தான் அங்கே அது புனிதம். ரிஸா சாதியவாதி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஒரு கலைஞர் தன் மக்களுக்கு மரியாதை தேடிப் போய், விலக்கிவைப்பதுதான் மரியாதை என்ற ஆதிக்கத்தின் அளவுகோலையே கையில் எடுத்துவிட்டார் என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரசிகர்கள் ரிஸா மேதையா வியாபாரியா என்று மோதிக்கொண்டிருந்தபோது, குழுவைச் சேர்ந்த மெத்தட் மேனே 88 ஆண்டுப் பூட்டைக் கேட்டுப் பகிரங்கமாகக் கோபப்பட்டார். பாடியவருக்கே உடன்பாடில்லாத முடிவை யார் எடுத்தது? மேதை என்ற ஒற்றைப் பெயரை முன்னால் நிறுத்தினால், பின்னால் இருக்கிற கூட்டு உழைப்பு மறைந்துபோகும். நம்மூர்ப் பாடல் சண்டைகளிலும் இதுதான் நடக்கிறது.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்கு மோசடி வழக்கில் ஷ்க்ரெலிக்கு 2018இல் ஏழு ஆண்டுச் சிறை. ஆல்பம் அரசின் கைக்குப் போனது. 2021இல் ப்ளீசர்டாவோ என்ற கிரிப்டோ முதலீட்டாளர் கூட்டு 40 லட்சம் டாலருக்கு அதைப் பெற்றது. 2024இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர அருங்காட்சியகத்தில் சிறு சிறு குழுக்களுக்கு அரை மணி நேரத் தொகுப்பைப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு ஒரு திட்டமும் வந்தது: யாராவது ஒரு டாலர் கொடுத்தால் 2103 என்ற கெடுவில் 88 விநாடி குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டைக் குறைக்கவே ஏறக்குறைய மூன்றரை லட்சம் டாலர் வேண்டும். பூட்டும் அவர்களுடையது, திறக்கும் கூலியும் அவர்களுக்கே.

ஆகவே, அடுத்த முறை ஓர் ஆல்பத்துக்காக மோதும்போது 'கலையா, கூத்தா' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இதைச் செய்தவர்களுக்குக் கூலியும் பெயரும் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். இதைப் பற்றி முடிவெடுத்தது யார் என்று கேளுங்கள். கேட்க முடியாமல் வெளியே நிற்பது யார் என்று கேளுங்கள். உழைத்தவனுக்கு முழு விலையும் வேண்டும், யார் காதும் அடைக்கப்படவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நம் அரசியல்.

என் சித்தப்பா இப்போது மேடையில் மட்டும் அடிக்கிறார். முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறார். ஆனால் அவர் அடிக்க ஆரம்பித்துவிட்டால் எந்தத் தெருவில் நிற்கிறவனுக்கும் அது கேட்கும்.