பாடபேதமும் பெண்டியமும்



ஒரே நூலின் இரண்டு ஏடுகளில் ஒரு சொல் வேறுபட்டு நின்றால், பிழை மூலத்தில் உள்ளதா, படியெடுத்தவன் கையில் நேர்ந்ததா, செல்லரித்த ஓலையால் விளைந்ததா என்பதை உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடு ஏடாக ஒப்பிட்டுத் துணிந்தனர். ஒரே நிரல் ஒரு கணிப்பொறியில் சரியான விடையும் மற்றொன்றில் பிழையான விடையும் தரும்போது, காரணம் தேடுவோர் செய்வதும் இதுவே.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டு வளர்ந்த சிவகாசி அச்சுக்கூடங்களுக்கு இக்கலை புதிதன்று. நாட்காட்டிப் படத்தில் ஒரு புள்ளி விழுகிறது. அதே பிளேட்டை வேறு மெஷினில் ஏற்றுகிறார்கள். அங்கும் விழுந்தால் குற்றம் பிளேட்டில்; விழாவிடின் மெஷினில். தாளில் கோடு சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருமாயின், அவ்விடைவெளியை அளந்து, எந்த ரோலரின் சுற்றளவோடு அது பொருந்துகிறதோ அதனைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளேட்டையும் பிளாங்கெட்டையும் ஒருசேர மாற்றினால் பிழை நீங்கிவிடும், காரணம் புலப்படாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் செயலி பொருந்திய புதிய கணிப்பொறி ஒன்று அப்பணியில் சேர்ந்தது. ஜூன் 13 அன்று விடைகள் முரண்பட்டன. தம் நிரலை ஐயுற்றார். பின்னர்த் தாய்ப்பலகையின் சுற்றுகளை ஐயுற்றார். ஒவ்வொன்றாக விலக்கி, செயலியே குற்றவாளி எனத் துணிய அக்டோபர் 19 வரை ஆயிற்று. நான்கு மாதங்கள்! இப்பொறுமையே இவ்வரலாற்றில் போற்றத்தக்கது.

வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த ஐந்து பெண்டியம் கணிப்பொறிகளில் அதே பிழை தோன்றியது. முந்தைய தலைமுறையான 486 கணிப்பொறிகளில், பெண்டியத்திற்குரிய அதே வகை இணைப்புப் பாதை உடையவற்றிலுங்கூட, தோன்றவில்லை. பெண்டியத்திலேயே தசமக் கணக்குப் பகுதியை முடக்கியதும் பிழை மறைந்தது. ஏடுகளை வழிவழியாகப் பிரித்து மூலத்தைக் காணும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது.

(1990களில் ஒரு கணிப்பொறியில் தட்டச்சு செய்த கவிதை மற்றொன்றில் சிதைந்து தோன்றியதைக் கவிஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இயந்திரத்தின் குற்றமன்று. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டதன் விளைவு. உரிய எழுத்துருவை நிறுவியதும் கவிதை மீண்டுவிடும். நைஸ்லியின் பெண்டியத்தில் எதை நிறுவினும் செயலியின் குறை தீராது.)

வகுத்தலை விரைந்து செய்ய, செயலிக்குள் 1066 இடங்கள் கொண்ட அட்டவணை அமைக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஐந்து இடங்களில் 2 இருக்க வேண்டும், 0 இருந்தது. அச்சுக்கோப்பவரின் எழுத்துப் பெட்டியில் ஐந்து அறைகள் வெறுமையாகக் கிடந்ததைப் போன்றது இது. அரிதாகவே வரும் ஓர் எழுத்து இல்லாத பெட்டியால் ஆண்டுக்கணக்கில் நூல்கள் அச்சிடலாம். க் இல்லையேல் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எந்த அறை வெறுமை என்பதே கேள்வி.

இக்கேள்வியிலேயே பூசல் மூண்டது. சாதாரணப் பயனாளர் ஒருவர் இப்பிழையை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே சந்திப்பார் என்றது இன்டெல். டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம், 24 நாட்களுக்கு ஒருமுறை நேரலாம் என்று மறுத்து, பெண்டியம் கணிப்பொறிகளை அனுப்புவதை நிறுத்தியது. எல்லா எண்களும் சமமாக வந்து விழும் என்று கொண்டால் முன்னது சரி. மனிதர் போடும் கணக்கில் எண்கள் அவ்வாறு விழுவதில்லை, சொற்களும் அவ்வாறே. அடிக்கடி புழங்கும் எண்கள் குறையுள்ள இடத்தை அடுத்தடுத்துத் தொடக்கூடும். டிசம்பர் 20 அன்று, கேட்போர்க்கெல்லாம் செயலியை மாற்றித் தர இன்டெல் இசைந்தது. அதற்கென ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். கூட்டல் வகுத்தல் சுற்றுகளை மாதிரிக் கணக்குகளால் மட்டும் சோதியாது, கணித நிறுவலாலும் சரிபார்க்கும் முறை அதன்பின் வலுப்பெற்றது.

தம் கணிப்பொறி குறையுடையதா என அறிய ஓர் எளிய சோதனையும் பரவியது. 4195835ஐ 3145727ஆல் வகுத்து, ஈவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 4195835இலிருந்து கழிக்க வேண்டும். நல்ல செயலி 0 தரும். குறையுள்ள பெண்டியம் 256 தந்தது.