பரபக்கம் படித்தோமா?

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவஞான சித்தியார் என்றவுடன் நம் கை சுபக்கத்தையே நாடுகிறது. அதற்கு முன் நிற்கும் பரபக்கத்தைப் பலர் திறந்தும் பார்ப்பதில்லை. யானும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தேன்.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். தம் சித்தாந்தத்தை நிலைநாட்டுமுன், உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாக 14 கொள்கையினரை அழைத்து நிறுத்துகிறார். ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். கடவுள் இல்லை என்பானுக்கே முதல் இடம்! அவருக்கு இப்பண்பு எளிதில் வாய்த்ததன்று. சகலாகம பண்டிதராகிய அவர், இளம் பிள்ளையாகிய மெய்கண்டாரிடம் ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவினார். பிள்ளையார் விடை பகராது, வினவியவரையே அடிமுதல் முடிவரை நோக்கினார் என்பது வரலாறு. பண்டிதர் அப்போதே மாணவரானார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ரா. சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். சிராங்கூன் சாலையை அடுத்திருந்த என் பாட்டனார் வீட்டினுள் அவ்விதழ் நுழையக் கூடாது. அவர்தம் இளவலோ சீர்திருத்தக்காரர். கோயில் வாசலில் நடந்த உறவினர் திருமணத்திற்கும் வர மறுத்தார். ஒருவர் சொல் மற்றவர் செவியில் விழாதவாறு இருவரும் அரணமைத்துக் கொண்டனர். பாட்டனார் மறைந்த அன்று அவ்விளவல் வந்தார், உள்ளே வரவில்லை. ஐந்தடி நடைபாதையிலேயே நெடுநேரம் நின்றிருந்தார் என்று என் அன்னையார் கூறுவார்.

அன்று அதற்கு ஒரு பிடிவாதமாவது வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியே நமக்கு உவந்ததைப் பொறுக்கி எடுத்து நீட்டுகிறது.

பிறரைக் குறை கூற வரவில்லை. சென்ற ஆண்டு, என் தமக்கை மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "மாமா, வினைப்பயன் என்பதற்குச் சான்று என்ன?" என்று வினவினான். விடை தெரியாமையால் எனக்குச் சினம் வந்தது. அவனைக் குழுவினின்று நீக்கிவிட்டேன். ஆறு திங்கள் அவன் என் இல்லத்திற்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை.

பின்னர் யானே சென்று அழைத்தேன். இப்போது ஞாயிறுதோறும் இருவரும் பரபக்கம் படிக்கிறோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கூடியவழிச் செந்நிறம் தோன்றுதல் போலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பது உலகாயதர் கூற்று. அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைக் காண வேண்டுமே! "மாமா, இவர் என் கட்சி" என்றான். மறுப்புப் பகுதி அடுத்த ஞாயிறு. யான் இன்னும் ஆயத்தமாகவில்லை.